சத்தக்காரர்

சிவப்பு விளக்கில் கார்கள் நிற்கும்போது கொஞ்சம் பக்கத்துக் காருக்குள் பாருங்கள். எல்லாரும் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் டேஷ்போர்டைத் தடவிக்கொண்டிருப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதுபோல உள்ளங்கையை ஓரிடத்தில் வைப்பார், அழுத்துவார், எடுப்பார், மறுபடி வைப்பார். பச்சை விழுந்து பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கும் வரை அந்தப் பரிசோதனை நடக்கும். அவர்தான் சத்தக்காரர். சிங்கப்பூரில் ஒவ்வொரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பேட்டையிலும் ஒருவராவது இருக்கிறார். நம்மவர்களில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அவர் வண்டியில் நீங்கள் ஏறியதும் முதலில் நிற்பது பாட்டு. ஒலி 968இல் நல்ல இளையராஜா பாட்டு ஒன்று சரணத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்து வானொலியை அணைப்பார். அடுத்து ஏர்கான் காற்றைக் குறைப்பார். வெயில் முப்பத்திரண்டு டிகிரி. பிறகு ஒரு விரலை உயர்த்துவார்.

“ஷ்ஷ்... கேட்டுச்சா?”

“என்னது?”

“இந்தா... இப்ப... ப்ச், நீங்க பேசிட்டீங்க.”

இந்த இடத்தில் உங்களுக்கு இரண்டே வழி. “கேட்கலையே” என்றால் உங்கள் காதுகளைப் பரிதாபமாகப் பார்த்து, “வயசாச்சுல்ல” என்பார். தப்பித்துக்கொள்ள நினைத்து “ஆமா, கேட்டுச்சு” என்றீர்களோ, போச்சு. எந்தப் பக்கம்? ஏர்கான் ஓட்டைக்கு மேலயா கீழயா? ‘டிக் டிக்’னா, ‘கிர்ர்’னா? பள்ளத்துலயா, பிரேக் போடும்போதா? சாங்கி விமான நிலையம் போய்ச் சேரும்வரை உங்களைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கவிட மாட்டார்.

இத்தனைக்கும் சத்தத்தோடு இவருக்கு வேறு எந்தத் தகராறும் கிடையாது. மேல்மாடியில் புதிதாக வீடு வாங்கியவர்கள் வாரக்கணக்கில் டைல்ஸ் உடைப்பார்கள். இவர் கீழே குறட்டை விட்டுத் தூங்குவார். பக்கத்து மனையில் கட்டடத்துக்குத் தூண் இறக்குவார்கள். தட்டிலிருக்கும் தோசை துள்ளும். இவர் துள்ள மாட்டார். எம்ஆர்டி ரயில் சன்னலுக்கு நேரே போகும். தொலைக்காட்சியில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். மனைவி கூப்பிடுவது மூன்றாம் முறைதான் காதில் விழும். ஆனால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் எங்கோ ஒரு பிளாஸ்டிக் கிளிப் அரை மில்லிமீட்டர் அசைந்தால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

ஏன் இப்படி என்று கேட்டால் அவர் கணக்கு சொல்வார், அந்தக் கணக்கை மறுக்கவும் முடியாது. 1990 மே மாதம் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறை நாம் அறிந்ததே. கார் வாங்குவதற்கு முன்னால் பத்து வருஷம் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பிரிவில் அந்தச் சான்றிதழின் விலை 150,001 வெள்ளிக்குப் போனது. (அந்தக் கடைசி ஒரு வெள்ளி இருக்கிறதே, அதில்தான் ஏலத்தின் சுவையே.) சத்தக்காரர் இதை நாட்கணக்கில் வகுத்து வைத்திருக்கிறார்: நாளொன்றுக்கு 41 வெள்ளி. வண்டியை எடுக்காமல் கீழே நிறுத்தி வைத்திருந்தாலும் 41. பெட்ரோல், காப்புறுதி, பார்க்கிங், சாலை வரி, இஆர்பி சாலைக் கட்டணம் எல்லாம் அதற்கு மேலே. “நாளைக்கு 41 வெள்ளி கொடுத்துட்டு நான் ‘கிர்ர்’ கேக்கணுமா?” என்பார். நியாயம்தானே? ஊரில் நாலாவது கை மாறிய அம்பாசிடரில் கதவே கழன்று வந்தாலும் கயிறு கட்டி ஓட்டிய பரம்பரை நம்முடையது. அங்கே சத்தம் கேட்டால் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். இங்கே விலை கொடுத்தது வண்டிக்கு மட்டும் இல்லை, அமைதிக்கும் சேர்த்து என்று இவர் நினைக்கிறார்.

1958இல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு ஒரு விளம்பரம் எழுதினார். மணிக்கு அறுபது மைல் வேகத்தில் போகும்போதும் உள்ளே பெரிதாகக் கேட்கும் சத்தம் மின்கடிகாரத்தினுடையதுதான் என்று அதன் தலைப்பு பெருமையடித்தது. உலகமே அந்தக் காரை மெச்சியது. சத்தக்காரர் மட்டும் அதைப் படித்திருந்தால் கடிகாரத்தைக் கழற்ற ஸ்குரூடிரைவர் தேடியிருப்பார்.

சத்தம் ஒன்றும் கற்பனை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேஷ்போர்டு பார்க்க ஒரே பலகைபோல இருக்கிறதே தவிர, உள்ளே டஜன் கணக்கில் துண்டுகள். கிளிப்பும் கொக்கியும் ஸ்குரூவும்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. பிளாஸ்டிக் சூட்டில் எஃகைவிடப் பல மடங்கு விரியும். நம் ஊர் மதிய வெயிலில் திறந்த வெளியில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். மூன்று மணிக்குச் சொல்லி வைத்தாற்போல மழை கொட்டும், உள்ளே ஏர்கான் ஓடும், விரிந்ததெல்லாம் சுருங்கும். வருஷம் முழுக்க இதே கூத்து. கிளிப் தளர்ந்தால் இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கும். தளராமல் உரசினால் கிறீச்சிடும். ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். வில் வயலின் தந்தியைப் பிடித்து விட்டுப் பாட வைப்பதும் இதே வித்தைதான். கார் கம்பெனிகள் இதற்கென்றே ஆய்வுக்கூடம் வைத்து, வண்டியைக் குலுக்கும் மேடையில் ஏற்றி, ரீங்காரம், கிறீச்சிடல், கடகடப்பு என்று பிரித்து ஆராய்கின்றன. ஆக, சத்தக்காரர் தனி ஆள் இல்லை. சம்பளம் வாங்காதவர், அவ்வளவுதான்.

வேட்டையின் கஷ்டம், சத்தம் வரும் இடமும் கேட்கும் இடமும் வேறு வேறாக இருப்பது. கார் முழுக்கக் கண்ணாடி. பக்கத்துத் தூணில் சீட் பெல்ட்டை ஏற்றி இறக்கும் கொக்கி ஆடினால், அது முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி டேஷ்போர்டுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். நம் காதுகளோ இடம் வலம் கண்டுபிடிப்பதில் கெட்டி, மேலே கீழே என்றால் தடுமாறும். அதனால் சத்தக்காரருக்கு இன்னொரு ஜோடிக் காது தேவைப்படுகிறது. அந்த ஜோடி பெரும்பாலும் வீட்டுக்காரம்மாவுடையது.

“கொஞ்சம் குனிஞ்சு அந்த மூலையில காத வச்சுப் பாரேன்.”

“கல்யாணத்துக்குப் போறோங்க. பட்டுப்புடவை.”

“ஒரே ஒரு ஹம்ப்தான். பைய ஏத்துறேன்.”

ஏற்றுவார். அம்மா தலை டேஷ்போர்டில் இடிக்கும். “இது வேற சத்தம்” என்று அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்.

மாமியார் முன் இருக்கையில் உட்கார்ந்தால் சத்தம் நின்றுவிடும் என்பதை ஒரு சத்தக்காரர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அதில் விஞ்ஞானம் உண்டு. ஆள் இல்லாத இருக்கையில் தலைசாய்ப்பானும் பெல்ட் கொக்கியும் ஆடும்; பாரம் ஏறினால் அடங்கும். அவருக்கு அந்த வருஷம் மாமியார் மேல் வந்த பாசத்தைப் பார்த்துக் குடும்பமே அசந்துபோனது. சந்தைக்கு, கோயிலுக்கு, எங்கே போனாலும் “அத்தை, நீங்களும் வாங்க.”

பரிசோதனைக்கு அவருக்கென்று இடங்கள் உண்டு. முதலாவது, வீவக பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடி. வெயிலுக்குப் பயந்து அங்கே யாரும் வண்டி ஏற்றுவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே ஒரு கார் தனியாக நிற்கும், கதவு திறந்திருக்கும், உள்ளேயிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலை பெடலுக்கு அடியில். வாயில் டார்ச். பார்த்தவர்கள் பதறாதீர்கள். இரண்டாவது, 1981இல் திறந்த பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம். சிங்கப்பூரின் அழகெல்லாம் அங்கிருந்துதான் தெரியும் என்று சுற்றுப்பயணிகள் படம் எடுப்பார்கள். இவருக்குத் தெரிவது பாலத்தின் இணைப்புகள். “தடக்” என்று சக்கரம் ஏறும் ஒவ்வொரு தடவையும் முகம் ஒரு சுளிப்பு சுளிக்கும். மரினா பே சேண்ட்ஸ் எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முற்றிய கேஸ்கள் லிம் சூ காங் சாலைக்குப் போவார்கள். ஆகாயப்படை பயிற்சிக்காக விளக்குக் கம்பங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் கழற்றிவிட்டுப் போர் விமானம் இறக்கிய சாலை அது. 2,500 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். மற்ற நாட்களில் அங்கே ஈ காக்கா இருக்காது. அமைதி என்றால் அப்படியொரு அமைதி. அந்தப் பக்கம் முழுக்க இடுகாடுகள் என்பதால் ராத்திரியில் டாக்சிக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். சன்னலை இறக்கிவிட்டு, விளக்கு அணைத்து, இருட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து எத்தனை பேர் வேகத்தைக் கூட்டினார்களோ. அந்தக் கதைகளில் பாதிக்கு நம் சத்தக்காரர்கள்தான் காரணம் என்று நான் சந்தேகிக்கிறேன்.

பட்டறைக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போவார். சின் மிங்கில் ஒரு அங்கிள், காக்கி புக்கிட்டில் ஒரு அங்கிள். அங்கே ஒரு மர்மம் நடக்கும். பட்டறை வாசலை மிதித்ததும் சத்தம் ஊமையாகிவிடும். அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வருவார்.

“நோ சவுண்ட் வாட்.”

“காட், அங்கிள்! ஜஸ்ட் நவ் காட்!”

“ஓல்ட் கார் லைக் தட் ஒன் லா. யூ ஆன் ரேடியோ, சவுண்ட் நோ மோர்.”

நாற்பது வருஷம் கார் பழுது பார்த்தவரின் ஞானம் அது. எனக்கு அதைவிடச் சிறந்த வைத்தியம் தெரியாது. ஆனால் சத்தக்காரருக்கு அது அவமானம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் முதல் வளைவிலேயே ‘டிக்’ என்று கேட்கும். அப்போது அவர் முகத்தில் கோபம் இருக்காது. “பார்த்தியா, நான் சொன்னேன்ல” என்ற பெருமிதம்தான் இருக்கும்.

ஆகவே சொந்த வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா. மனைவி பஃபலோ ரோட்டில் வாழையிலையும் மல்லிகைப்பூவும் வாங்கும் நேரத்தில் இவர் நழுவி சையது ஆல்வி ரோட்டில் முஸ்தபா கடைக்குள் போய்விடுவார். நாற்காலிக் காலில் ஒட்டும் வட்டத் துணி, ஸ்பாஞ்சு, சிலிக்கான் எண்ணெய், கழற்றும்போது கீறாமல் இருக்க பிளாஸ்டிக் நெம்புகோல். மருத்துவர் வைத்துப் பார்க்கும் ஸ்டெதஸ்கோப்பும் சிலரிடம் உண்டு. வாங்கும்போது “மகள் மெடிக்கல் படிக்கிறா” என்று கேட்காமலேயே சொல்வார்கள். இதையெல்லாம்விட அவர் நம்பும் சாமான் ஒன்று இருக்கிறது: பழைய பார்க்கிங் கூப்பன். 2017இல் கைப்பேசிச் செயலி வந்த பிறகு அந்தக் காகிதக் கூப்பனைக் கிழித்து டேஷ்போர்டில் வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் மறந்துவிட்டது. சத்தக்காரரோ மிச்சமிருந்த கட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். நாலாக மடித்தால் எந்த இடுக்குக்கும் சரியான தடிமன் என்பார். அவர் வண்டியில் எந்தப் பலகையைக் கழற்றினாலும் அரைமணி நேரக் கூப்பன் ஒன்று கீழே விழும்.

சிராங்கூன் ரோட்டில் வண்டி ஊர்வதை எல்லாரும் சபிப்பார்கள், முக்கியமாகத் தீபாவளிக்கு விளக்கு போட்ட மாதத்தில். சத்தக்காரருக்கு மட்டும் அந்த நெரிசல் பிடிக்கும். பத்து கிலோமீட்டர் வேகத்தில் எதுவும் ஆடாது. நூறு வருஷத்துக்கு முன்னால் மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வண்டிகளுமாக இருந்த சாலை அது. மரச்சக்கரம் கடகடக்க நம் ஆட்கள் அதில் வண்டி ஓட்டினார்கள். அச்சில் மசகு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த வண்டிக்காரர் யாரையும் நிறுத்தி “கேட்டுச்சா?” என்று கேட்டிருக்க மாட்டார்.

வீரமாகாளியம்மன் ஆலயத்தில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்த வண்டிதான் இவருடையதும். டேஷ்போர்டு நடுவில் சின்னப் பிள்ளையார் இருக்கிறார். ஒரு கட்டத்தில் சந்தேகம் அவர் பக்கமும் திரும்பியது. ஆனால் பிள்ளையாரை எப்படிச் சந்தேகிப்பது? மனைவிக்குத் தெரியாமல், கன்னத்தில் போட்டுக்கொண்டு, பீடத்துக்கு அடியில் மெல்லிய துணி ஒன்றை வைத்து, “வேற ஒண்ணுமில்ல சாமி, ஆசனம்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

புதிய இஆர்பி கருவி வந்தபோது இவர் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். 1998இலிருந்து டேஷ்போர்டில் உட்கார்ந்திருந்த பழைய பெட்டிக்குப் பதிலாக, 2023 நவம்பரிலிருந்து கட்டம் கட்டமாகப் புதுக்கருவி பொருத்தினார்கள். கார்களுக்கு அது மூன்று துண்டு: ஆன்டெனா, திரை, செயலிப் பெட்டி. மேலே சூடு அதிகம் என்பதால் பெட்டியை முன்பயணியின் காலடிப் பக்கம் வைக்கிறார்கள். ஊரார் காலில் இடிக்குமே என்று கவலைப்பட்டார்கள். சத்தக்காரர் கவலை வேறு. ஏழு வருஷமாக ஒவ்வொரு கிளிப்பாக அடக்கி வைத்திருக்கும் பலகையை யாரோ ஒரு பையன் நெம்பித் திறக்கப்போகிறான்! காத்திருப்போர் அறையில் உட்காரச் சொன்னார்கள்; உட்காரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் முகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தார். பையன் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்து கேட்டான்: “அங்கிள், உள்ள நிறைய பார்க்கிங் கூப்பன் இருந்துச்சு. தூக்கிப் போட்டுடவா?”

விளையாட்டாகச் சொன்னாலும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முன்பயணிக்கு எதிரே டேஷ்போர்டுக்குள் காற்றுப்பை இருக்கிறது. மஞ்சள் நிறச் செருகியைக் கண்டால் அதோடு கையை எடுத்துவிடுங்கள். அந்தப் பலகைக்கு மேல் எதையும் ஒட்டவும் வேண்டாம். பை விரியும்போது ஒட்டியது முகத்துக்குத்தான் வரும். அந்த இடத்துச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது பட்டறை அங்கிளிடம் விட்டுவிடலாம்.

இப்படி ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு சத்தக்காரரைத் தூங்கவிடாமல் செய்த ‘டிக்’ கடைசியில் எங்கே பிடிபட்டது என்கிறீர்கள்? கிளவ் பாக்ஸில். அவர் மனைவி டிஷ்யூ பாக்கெட் தேடி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்றோடு சத்தம் நின்றது. பையில் இருந்தவை: டார்ச், பிளாஸ்டிக் நெம்புகோல் செட், ஸ்டெதஸ்கோப். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. பெரிய சத்தம் அடங்கினால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே வரும். அதுதான் சத்தங்களின் சுபாவம். மறுநாள் காலையிலேயே பின்கண்ணாடிப் பக்கம் ஒன்று கேட்டுவிட்டது, மனிதர் பழைய தெம்புக்கு வந்துவிட்டார். மின்சாரக் கார் வாங்கியவர்கள் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் என்ற திரைச்சீலையே இல்லை. பாக்கெட்டில் சில்லறை புரண்டால்கூடக் கேட்கிறது.

பத்து வருஷம் இப்படிப் போகும். எல்லாச் சத்தமும் ஒழிந்து, வண்டி வெண்ணெய்போல ஓடத் தொடங்கும் நேரத்தில் சான்றிதழ் முடிந்துவிடும். உடைக்கக் கொடுக்கலாம், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாம், இல்லையென்றால் பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். பார்த்துப் பார்த்து அமைதியாக்கிய வண்டியை எவனோ ஓட்டுவதா? ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிப்பார். ஐந்து வருஷச் சான்றிதழை மறுபடி நீட்டிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த ஐந்து வருஷமும் நிம்மதியாக ஓட்டுவார் என்று நினைக்கிறீர்களா? பத்து வயதான வண்டியில் புதுச் சத்தங்களுக்கா பஞ்சம்?

கடைசியாக, கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது சத்தக்காரர் எதிர்ப்பட்டு, “அந்தப் பக்கமா போறீங்க, நானும் வர்றேன்” என்றால் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, இரண்டு நிமிஷம் கழித்து, “உங்க வண்டியில இடது பக்கம் ஒண்ணு வருதே, கவனிச்சீங்களா?” என்பார். அதுவரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு அதைக் கவனிக்காமல் உங்களால் ஒரு நாளும் வண்டி ஓட்ட முடியாது. லிட்டில் இந்தியா நிலையத்தில் 2003இலிருந்து வடகிழக்கு ரயில் பாதையும் 2015இலிருந்து டவுன்டவுன் ரயில் பாதையும் இருக்கின்றன. எதிலாவது ஏற்றிவிடுங்கள்.